மணி கேட்கிற அம்மா

ஒரு பெண்ணுக்கு எத்தனை மணிக்குக் கை விழுந்தது என்று டாக்டர் கேட்டபோது நான் பொய் சொன்னேன். தெரியாமல் சொன்னதல்ல. என் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. அந்த நேரத்தைப் பார்த்துச் சொன்னவனே நான்தான். அந்தப் பொய்யால் ஒருத்தி பேச்சை இழந்தாள், இன்னொருவர் வேலையை இழந்தார். வேலையை இழந்தவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "என்ற பேரு எதுக்குங்க? விசயத்தைச் சொல்லுங்க, போதும்" என்றார். அதனால் பெயரில்லை.

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஹெட் கிளார்க்காக இருந்தேன். அவர் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சுகாதார உதவியாளர். ஒப்பந்த வேலை. ஆம்பிளைக் குடை ஒன்று, துணிப்பை ஒன்று, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தோட்டத்தின் மூன்று டிவிஷன்களுக்கும் நடந்தே போவார். ஜீப் கொடுத்தாலும் ஏறமாட்டார். "ஜீப்பு நோயாளிக்குங்க. நான் ஏறிப் பழகிட்டா, வேணுங்கறப்ப அது எங்கயோ நிக்கும்."

அவரைத் தோட்டத்தில் மணிக்காரம்மா என்றார்கள். எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி "எப்பங்க?" என்பதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்பங்க. டீயை நீட்டினால், எப்பங்க போட்டது. ஒரு நாள் டிஸ்பென்சரி வாசலில் பாக்கியம் என்ற கொழுந்தெடுக்கும் பெண், வேண்டுமென்றே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எம் புருசன் ஓடிட்டான்க்கா" என்றாள்.

"எப்பங்க?"

"பதினாலு வருசமாச்சு."

"அப்ப ஜீப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் மாத்திரை எண்ணப் போய்விட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. அந்தச் சிரிப்பில் யார் வாய் எந்தப் பக்கம் போகிறது என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மலையில் வாய் கோணினால் 'குளிர் அடிச்சிருச்சு' என்பார்கள். அடுப்படியில் உட்காரவைத்துக் கம்பளி போர்த்தி, யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்து, நேராகிறதா என்று மறுநாள் காலை வரை பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தே இரண்டு லயங்களில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில், மூன்று பேர் படுக்கையில் விழுந்துவிட்டார்கள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிற வியாதி அது. நாலு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் அதைப் போடமாட்டார்கள், போடவும் கூடாது. அவருடைய 'எப்பங்க'வுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

சுகாதாரத் துறையிலிருந்து இதைப் பற்றி ஒரு நோட்டீஸ் வந்தது, மலையாளத்தில். எங்கள் தொழிலாளிகள் எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் ஏறி வந்தவர்கள். மலையாளம் பேசுவார்கள், படிக்கமாட்டார்கள். பலருக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. அவர் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

"சாருக்கு மூணு பாசையும் தெரியும். தமிழ்ல எழுதிக் குடுங்க."

நான் கல்பாத்தியில் பிறந்தவன். கல்லூரியில் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, 'வதனத்தின் ஒருபுறம் தளர்வுறுதல், புயம் வலுவிழத்தல், நாக்குழறல்' என்று மணிமணியாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மஸ்டரில், அதாவது காலையில் ஆளெடுக்கிற இடத்தில், வாசித்தார். பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

"என்னங்க புரிஞ்சுது?"

"நல்லா இருக்குக்கா. கல்யாணப் பத்திரிகையா? மாப்பிள்ளை எந்த ஊரு?" என்றாள் பாக்கியம்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சார் எழுதுனது நல்லாத்தான் இருக்குது. உங்க தமிழு ஒண்ணு, என்ற தமிழு ஒண்ணு, இவுங்க தமிழு ஒண்ணு. வியாதி வர்றது இவுங்க வாய்க்குங்களே" என்றார். அவர் சித்தூருக்குக் கிழக்கே, கொங்குத் தமிழ் பேசுகிற பக்கத்துக்காரர்.

பிறகு அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். சிரிக்கச் சொல்லு. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு. நேத்து என்ன குழம்பு வெச்சேன்னு கேளு. மணியைப் பாரு.

குழம்பு எதற்கு என்று நான் கேட்டேன். பெயரைச் சொல்லச் சொன்னால் போதாதா?

"பேரும் சாமிப் பாட்டும் பழக்கத்துல தானா வந்துருமுங்க. நேத்து வெச்ச குழம்பை யோசிச்சுல்ல சொல்லோணும்."

மழையில் போன் ஈரமாகும் என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் அந்தப் பெண்கள். மணிக்கு எங்கே போவது? தோட்டத்துச் சங்கு, பறித்த கொழுந்தை நிறுக்கிற முதல் எடை, பள்ளிக்கூட ஜீப், மத்தியான எடை என்று அவர்களிடம் ஏற்கனவே இருந்த நேரங்களைக் கொண்டே கேட்டுப் பழக்கினார். "முதல் எடைக்கு முந்தியா, பிந்தியா?" கொழுந்துக் காட்டில் ஒருத்தி கால் இடறினால்கூட மற்றவர்கள், "ஏய், எப்பங்க?" என்று கொங்கு ராகத்தில் கத்துவார்கள். கேலிதான். அவர் கேலியைத் தடுத்ததில்லை. கேலியாக வந்தது மறக்காது என்பார்.

தைலத்தையும் அவர் தடுத்ததில்லை. கிழவி ஒருத்தி, "எங்க ஆத்தா காலத்துலேர்ந்து தேய்க்கிறது தாயி, அது தப்பா?" என்று சண்டைக்கு வந்தாள். "தேயுங்க, வேண்டாங்கல. ஜீப்புல ஏறி உக்காந்துட்டுத் தேயுங்க" என்றார்.

அன்று ஆனி மாத மழை. பத்தடி தள்ளி நிற்கிறவர் தெரியாத மூடுபனி. காலையில் எங்கள் டிவிஷன் மஸ்டரில் நின்று எல்லோரையும் சிரிக்கவைத்துப் பார்த்துவிட்டு, அவர் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த மேல் டிவிஷனுக்கு நடந்து போயிருந்தார். எடை போடுகிறவர் லீவு என்பதால் முதல் எடைக்கு நான் போயிருந்தேன். பாக்கியத்தோடு கொழுந்தெடுக்கிற வேலுத்தாய் தன் சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டப் போனாள். வலது கையிலிருந்து சாக்கு நழுவியது. மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் நழுவியது. அவளே சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகப் போனது.

"ஏத்தா, கையைத் தூக்கு. ரெண்டையும்!" என்றாள் பாக்கியம். ஒரு கைதான் வந்தது. "நேத்து என்ன கொழம்பு?" வேலுத்தாய் ஏதோ சொன்னாள். அது வார்த்தையாக இல்லை.

"சார், மணி என்ன?"

பத்து மணி பத்து நிமிடம். நான்தான் சொன்னேன். ஜீப்பையும் உடனே வரவழைத்தேன். பாக்கியத்தையும் ஏற்றிக்கொண்டு நானே கூடப் போனேன். அதுவரை நான் செய்ததில் தப்பில்லை.

மலையிறங்கும்போது மேனேஜர் போன் செய்தார். "வேலை நேரத்தில் என்று போட்டால் நஷ்டஈடு கம்பெனி தலையில் விழும். வழக்கம்போல் பார்த்துக்கொள்ளுங்கள்." வழக்கம் என்னவென்றால், தோட்டத்தில் யாருக்கு என்ன ஆனாலும் மஸ்டருக்கு முன்பே ஆகியிருந்தது என்று எழுதுவது. வழுக்கி விழுந்தவனும் வீட்டில் விழுந்தவன்தான். இருபது வருடமாக என் கை அப்படி எழுதிப் பழகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணிக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். ஸ்கேன் எடுத்தார்கள். இளவயது டாக்டர் வெளியே வந்து மலையாளத்தில் கேட்டார். "எப்போழா துடங்ஙியது?" எப்போது ஆரம்பித்தது என்று. பாக்கியத்துக்குப் பதற்றத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் இடையில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். காலையில் தூங்கி எழுந்ததிலிருந்தே இப்படித்தான் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"என்ன சார் கேக்காரு?" என்றாள் பாக்கியம்.

"எத்தனை நாளாய் பிரஷர் உண்டுன்னு கேட்கறார்" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். தூக்கத்திலேயே வந்திருந்தால் நேரம் தெரியாது, அந்த ஊசி போட முடியாது, மற்ற வைத்தியம் பார்க்கிறோம் என்றார். எனக்குப் புரிந்தது. நான் படிக்காதவன் இல்லை. அவர் திரும்பி வார்டுக் கதவுவரை நடந்து போனார். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை. ஓர் ஊசியில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். போட்டிருந்தால் கட்டாயம் குணமாகியிருக்கும் என்று இன்றைக்கும் யாரும் சொல்ல முடியாது. போடாமல் போனது என்னால்.

மறுநாள் மணிக்காரம்மா ஆபீசுக்கு வந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"ஏனுங்க சார், தூங்கி எந்திரிக்கறப்பவேன்னு எழுதியிருக்குது. பத்து பத்துன்னு எல்லாருஞ் சொல்றாங்க. சீட்டுல இருக்கறதை யாருங்க சொன்னது?"

"ஆரு சொன்னால் என்ன? எல்லாம் கழிஞ்சாச்சு" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "உங்க வாட்ச்சு ஓடுதுங்களா சார்?"

"ஓடறது."

"சரிங்க" என்று போய்விட்டார்.

நான் நினைக்காத ஒன்று அப்புறம் நடந்தது. காலையிலேயே வாய் கோணியிருந்தது என்றால், மஸ்டரில் நின்று பார்த்த சுகாதார உதவியாளர் அதை ஏன் கவனிக்கவில்லை? விசாரணை வைத்தார்கள். பாக்கியமும் இன்னும் ஆறு பெண்களும் வந்து பத்து பத்து என்று சொன்னார்கள். கூட்டாளிக்காக என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். என்னிடம் கேட்டார்கள். சீட்டில் எழுதியிருப்பதுதான் என்றேன். இரண்டாவது முறையாக அதே பொய், இந்த முறை டீ குடித்துக்கொண்டே. மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ரப்பர் பூட்ஸைக் கழுவி டிஸ்பென்சரியில் ஒப்படைத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

ஓய்வு பெற்று நான் கல்பாத்திக்குத் திரும்பினேன். போன வருடம் என் அண்ணனுக்கு அதே வியாதி வந்தது. அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நன்றாக இருந்தார் என்றும், ரசத்துக்குக் கை நீட்டும்போது விழுந்தது என்றும் மன்னி நிமிடக் கணக்காகச் சொன்னாள். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காபியில் சர்க்கரை போதாது என்று அண்ணன் அவளோடு தெளிவாகச் சண்டை போட்டார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் எதை மறித்தேன் என்று அந்தச் சண்டைச் சத்தத்தில்தான் முழுதாகத் தெரிந்தது.

முதலில் தோட்டத்துக்கு எழுதினேன், நடந்ததை நடந்தபடி, என் கையெழுத்தோடு. நிர்வாகம் மாறிவிட்டது, பழைய விஷயம் முடிந்துபோனது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பிறகு பாக்கியத்திடம் விலாசம் வாங்கிக்கொண்டு சித்தூருக்குக் கிழக்கே போனேன்.

காலை ஆறரை மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் அவரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. படுத்த படுக்கையானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களிடம், "உங்கூட்டுல நேத்து என்ன குழம்புங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் எடை என்று அங்கே சொன்னவர், இங்கே 'ரெண்டாங் கறவைக்கு முந்தியா' என்றார். மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தின் நகலையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கே தெரியும். என்கிட்டச் சொல்லி ஆவறது என்னங்க? எனக்கு வேலை போச்சு, வேற வேலை வந்துருச்சு. வேலுத்தாய்க்குப் பேச்சு போச்சு. வேற பேச்சு வருமுங்களா?"

 அவர் திரும்பி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஒரு நிமிசமுங்க. இந்த சார் மணியை மாத்திச் சொன்னதால என்ன ஆச்சுன்னு இவரே சொல்றாரு. கேளுங்க."

பால் கேன்களோடு முப்பது பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் சொன்னேன். இந்த முறை எனக்குப் பரிசு வாங்கிய தமிழ் எதுவும் வரவில்லை. முடித்ததும் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "படிச்ச மனுசன் பண்ற காரியமுங்களா இது? எங்கூட்டு மாடு செய்யாது" என்றார். இன்னொரு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் தலை குனிந்து நின்றேன்.

"வெய்யறாங்கன்னா காதுல விழுந்திருக்குதுன்னு அர்த்தமுங்க" என்றார் மணிக்காரம்மா. அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்த பாடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறவரின் குரல் அது. பிறகு, "ஞாயித்துக்கிழமை காந்தலூர் போலாமுங்க. அங்கதான் நீங்க சொல்லோணும்" என்றார்.

வேலுத்தாய் மட்டுமே தோட்டத்து வேலையில் இருந்தவள் என்பதால், அவள் விழுந்ததும் அந்தக் குடும்பம் லயத்து வீட்டை விட வேண்டியிருந்தது. அவள் புருஷன் தங்கையா காந்தலூரில் பூண்டும் பீன்ஸும் போடுகிற ஒருவரின் தோட்டத்தில், அங்கேயே தங்கி வேலை பார்த்தார். உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போய் மறையூரில் ஜீப் பிடித்தோம். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. கோபம் என்று தோன்றவில்லை, ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினார்.

அவரைக் கண்டதும் தங்கையா ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். எனக்கும், "வாங்க சார்" என்று முக்காலி போட்டார். வேலுத்தாய் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. மணிக்காரம்மா சாப்பிட்டாயா என்று கேட்டார். "சரி" என்றாள். கை வலிக்கிறதா? "சரி." அந்த ஒரு சொல்லை அவள் கேள்வியாகவும் கோபமாகவும் சிரிப்பாகவும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

தங்கையாவிடம் சொன்னேன். அவர் பூண்டுத் தாளைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். கிள்ளிய தாளை ஓரமாக வைத்துவிட்டு, "பாக்கியம் அன்னைக்கே சொன்னா சார், பத்து மணிக்குத்தான் விழுந்தான்னு. நாந்தான் அவள ஏசினேன். கிளார்க் சார் படிச்சவரு, அவரா பொய் சொல்லுவாருன்னேன்" என்றார். பிறகு, "எங்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லுங்க."

வேலுத்தாய் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். பிறகு மெதுவாக, "சரி, சரி."

என் கண் நிறைந்துவிட்டது. தங்கையா என் பக்கம் வந்து நின்றார். "சார், ஆடு வந்தாலும் அவளுக்குச் சரிதான், மழை வந்தாலும் சரிதான். நீங்க அத மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க."

மணிக்காரம்மா ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் பக்கம் பார்த்தேன். அவர் வேலுத்தாயின் வலது கையைத் தூக்கிப் பிடித்து, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை தனியாகப் போயிருக்கிறேன். தங்கையா வா என்பதில்லை, வராதே என்பதுமில்லை. முக்காலி போடுவதில்லை. மூன்றாம் முறை போனபோது பாத்திக்குத் தண்ணீர் திருப்ப வேண்டிய அவசரம். மனைவியின் கையை என்னிடம் கொடுத்தார்.

"இருவது தடவை தூக்கணும் சார். எண்ணிக்கிடுங்க. கூட்டியும் சொல்லாதீங்க, கொறைச்சும் சொல்லாதீங்க."

எண்ணிக்கொண்டே தூக்கினேன். பதினாலுக்கு மேல் அவளால் முடியவில்லை. அவர் மண்வெட்டியோடு திரும்பி வந்து எத்தனை என்று கேட்டபோது, பதினாலு என்றேன்.